முன்னோரின் பெயரால்

நோன்பு மாதத்து இரவுகளில் திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் நடந்தால் ஒரு வேறுபாடு காதில் விழும். ஒரு பள்ளிவாசலில் தராவீஹ் எட்டு ரக்அத்தோடு முடிந்து, ஆட்கள் செருப்பைத் தேடியபடி வாசலுக்கு வந்துவிடுவார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு பள்ளியில் இமாம் இன்னும் ஓதிக்கொண்டிருப்பார். அங்கே இருபது. மூதூரிலோ கிண்ணியாவிலோ தோப்பூரிலோ இன்று இது யாரையும் திகைக்க வைப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்னர் இந்த எண்ணிக்கைக்காகவே கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தியதுண்டு. தொழுகையின் இருப்பில் விரலை அசைப்பதா வேண்டாமா என்று பள்ளி நிர்வாகங்கள் பிளந்ததுண்டு. பிறைச் செய்தியை ஏற்பதில் கருத்து வேறுபட்டு, ஒரே வீட்டில் ஒருவருக்கு நோன்பாகவும் மற்றவருக்குப் பெருநாளாகவும் பொழுது விடிந்ததுண்டு.

இவற்றைச் சில்லறைச் சண்டைகள் என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்குவது அந்த மனிதர்களின் தேடலை அவமதிப்பதாகும். எட்டா இருபதா என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருந்தது. இறைவனின் சொல்லை நான் நேராகப் படிக்கலாமா, அல்லது எனக்கும் அதற்கும் நடுவில் ஆயிரம் ஆண்டு அறிஞர் மரபொன்று நின்று எனக்காகப் படித்துச் சொல்ல வேண்டுமா? மீன்பிடிக்கப் போகிறவனும் வயலில் நிற்கிறவனும் கேட்க உரிமையற்ற கேள்வியாக அது நெடுங்காலம் இருந்தது. அதை அவர்கள் வாய்க்குக் கொண்டு வந்தவர்கள் தவ்ஹீத்வாதிகள் என்று நாம் அழைக்கும் ஸலஃபிகளே.

நபிகளாரின் தோழர்கள், அவர்களைக் கண்டவர்கள், அவர்களுக்கும் அடுத்து வந்தவர்கள் ஆகிய முதல் மூன்று தலைமுறை முன்னோரின் காலத்தில் மார்க்கம் பழுதின்றி இருந்தது. பின்னால் வந்து சேர்ந்தவை பித்அத். ஆகவே மத்ஹபைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் தக்லீதை விட்டுக் குர்ஆனுக்கும் ஆதாரபூர்வமான ஹதீஸுக்கும் திரும்ப வேண்டும். இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். 1947-இல் குருநாகல் மாவட்டத்துப் பறகஹதெனியவில் அப்துல் ஹமீத் பக்ரி இக்கொள்கையோடு ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1980-களுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து பி. ஜைனுல் ஆப்தீனின் உரைகள் ஒலிநாடாக்களாகவும், பின்னர் அவரது குர்ஆன் தமிழாக்கமும் இங்கே வந்து சேர்ந்தன. ஷாஃபி மத்ஹபில் ஊறி, கத்தமும் மவ்லூதும் கந்தூரியுமாக வாழ்ந்து, கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகைக்குக் கொடியேற்றி வந்த கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு அது வீட்டுக்குள் நிகழ்ந்த நிலநடுக்கம்.

அந்த அதிர்வில் விழ வேண்டியவை சில விழுந்தன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். கிழக்கில் மகளைப் பெற்றவர் அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். தங்கையின் சீதன வீட்டுக்குக் கல் அடுக்கவே தன் இளமையைக் கடலிலும் பிறகு வளைகுடாவிலும் தொலைத்த அண்ணன்மார் எத்தனை பேர்! மார்க்கம் சொல்வது ஆண் கொடுக்கும் மஹர் மட்டுமே, சீதனம் வாங்குவது அநியாயம் என்று பகிரங்கமாகப் பேசியவர்கள் தவ்ஹீத் இளைஞர்கள். சிலர் சொன்னபடி நடந்தும் காட்டினார்கள். நாற்பதாம் நாள் கத்தத்துக்குக் கடன் வாங்கிச் சோறு போட்ட ஏழைக்கு, இது உன்மேல் கடமையில்லை என்று அவர்கள் சொன்னது பெரிய விடுதலை. பெருநாள் தொழுகையைத் திடலுக்குக் கொண்டு போய்ப் பெண்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை ஒரு தலாக்காகவே கொள்ள வேண்டும் என்று பயான் செய்தார்கள். இந்தக் கருத்துக்கு வலுவான வாதம் வகுத்தவர் ஸலஃபிகள் தலைமேல் வைத்துப் போற்றும் இப்னு தைமிய்யா (1263–1328). தலாக் பற்றிய தம் தீர்ப்புகளுக்காகச் சிறையும் சென்றவர். 1929-இல் எகிப்தின் சட்டம் இக்கருத்தை ஏற்றது. மத்ஹபின் மதிலைத் தாண்டியதால் பெண்ணுக்கு ஒரு வாசல் திறந்த இடம் அது.

ஆகவே இக்கொள்கையைப் பழமைவாதம் என்று சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. அதற்கும் நவீன இஸ்லாமிய சிந்தனைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது, அந்த உறவின் ஒரு நுனி இந்தத் தீவிலேயே இருக்கிறது. 1882-இல் எகிப்தில் அஹ்மத் உராபி பாஷாவின் கிளர்ச்சியை ஆங்கிலேயர் முறியடித்தார்கள். தோற்றவர்களில் ஒருவரான முஹம்மத் அப்துஹு நாடு கடத்தப்பட்டு பெய்ரூத் சென்றார், பிறகு பாரிஸ் போய் ஜமாலுத்தீன் ஆப்கானியோடு சேர்ந்து பத்திரிகை நடத்தினார். உராபி பாஷா இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1883 முதல் 1901 வரை இங்கே இருந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். இருவரும் கைகோத்த முயற்சியில் 1892-இல் கொழும்பில் எழுந்த மத்ரஸாதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி ஆனது. தூய மூலத்துக்குத் திரும்புவோம் என்று கெய்ரோவில் அப்துஹு சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது அறிவியலையும் பள்ளிக்கூடத்தையும் வரவேற்கும் இஸ்லாம். தக்லீத் என்ற விலங்கு கழன்றால் பகுத்தறிவு நடக்கும் என்று அவர் நம்பினார். அவருடைய மாணவர் ரஷீத் ரிழா, 1924-இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்ட பின் நம்பிக்கையை வேறிடத்தில் தேடி, நஜ்தின் வஹாபி அறிஞர்களுக்கும் இப்னு ஸுஊதின் புதிய அரசுக்கும் வாதாடுபவரானார். ஆசிரியரும் மாணவரும் ஒரே முன்னோரைச் சுட்டினார்கள். போய்ச் சேர்ந்த ஊர்கள் வேறு.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததென்று எண்ணாதிருக்க, நம் அயலையும் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகமத்துக்குத் திரும்புங்கள் என்றார். உயிர்ப்பலியையும் ஆகமத்துக்கு ஒவ்வாத கோயில் வழக்கங்களையும் கடிந்தார், அச்சகம் வைத்தார், பள்ளிக்கூடம் கட்டினார். சற்றுப் பிந்திக் கொழும்பில் அநகாரிக தர்மபால பௌத்தத்தைச் சடங்குகளிலிருந்து மீட்கப் புறப்பட்டார். மிஷனரியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஏட்டில் கிடந்த நூல் அச்சில் ஏறி எல்லோர் கைக்கும் வந்ததும் பொதுவாக இருந்தது. நூல் கைக்கு வந்த பிறகு, நூலில் இல்லாததை எதற்குச் செய்கிறோம் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஆதிக்குத் திரும்புவோம் என்ற குரல் ஆதியிலிருந்து வருவதாகத் தோன்றினாலும், அது அச்சு இயந்திரத்தின், கப்பலின், காலனித்துவ அவமானத்தின் காலத்துக் குரல்.

எண்ணெய் வந்த பிறகு அந்தக் குரலுக்குச் சவூதி அரசின் செல்வமும் துணை சேர்ந்தது. 1961-இல் மதீனாவில் தொடங்கிய இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்கு உலகெங்குமிருந்து மாணவர்கள் போனார்கள். இலங்கையின் பொருளாதாரம் 1977-இல் திறந்துவிடப்பட்ட பின் நம் ஊர்களின் ஆண்களும், அவர்களைவிடப் பெருந்தொகையில் பெண்களும், வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். போரும் வறுமையும் அரித்த திருகோணமலை மாவட்டத்தில் பல அடுப்புகள் எரிந்தது அந்தப் பணத்தில். பணத்தோடு கூடவே, அங்கே பார்த்த இஸ்லாம்தான் அசல் இஸ்லாம் என்ற எண்ணமும் வந்து இறங்கியது.

இந்த இடத்தில் மூதூரின் ஒரு மகளை நினைக்காமல் மேலே செல்ல என்னால் இயலாது. ரிஸானா நஃபீக் 2005-இல் பணிப்பெண்ணாகச் சவூதி சென்றார். கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அவருக்கு அப்போது 17 வயது. போன சில வாரங்களுக்குள், வீட்டு வேலையோடு சேர்த்து அவர் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கையில் புரையேறிவிட்டது என்றார் அவர். கொலை என்றது நீதிமன்றம். அவருடைய தமிழைச் சரிவரப் பெயர்த்துச் சொல்ல ஆளில்லாமலே முதல் வாக்குமூலம் பெறப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டின. அந்த வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். 2007-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தவாத்மியில் அவர் தலை வெட்டப்பட்டது.

குழந்தையை இழந்த தாயின் துயரத்தை எடைபோட நமக்கு உரிமையில்லை. ஆனால் அன்று நம் ஊர்களில் எழுந்த மௌனத்தைப் பற்றிப் பேச உரிமையுண்டு. இது அல்லாஹ்வின் சட்டம், இதில் நாம் என்ன சொல்ல என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலர் ஒதுங்கினார்கள். அவர்களுடைய இறையச்சம் உண்மையானது. எனினும் எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்? ஐயம் எழுந்தால் தண்டனையை விலக்கு என்பது பழைய ஃபிக்ஹ் நூல்கள் மதித்துப் போற்றும் விதி. கிஸாஸைப் பேசும் வசனமே மன்னிப்பின் கதவையும் திறந்து வைக்கிறது. எழுதித் தொகுக்கப்பட்ட குற்றவியல் சட்டம் இல்லாத ஒரு நாட்டில், ஒரு நீதிபதி, ஒரு மொழிபெயர்ப்பு, ஓர் ஒப்பந்த முகவர் பொய்யாக எழுதிய பிறந்த தேதி, ஓர் அரசின் முத்திரை ஆகிய இத்தனையின் வழியாக அந்த வாள் இறங்கியது. அதை வேதத்தின் கை என்று மட்டும் சொல்லி நிறுத்துவது, நடுவில் இருந்த எத்தனை மனிதக் கைகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது!

அரசியலுக்கு வருவோம். ஆள்வோருக்குக் கட்டுப்படு, கட்சியும் தேர்தலும் நமக்கு ஆகாது என்பவர்கள் ஸலஃபிகளில் பெரும்பாலோர். தேர்தலில் நிற்கலாம் என்பவர்களும் உண்டு. எகிப்தில் 2011-இல் தொடங்கிய தேர்தலில் ஸலஃபிகளின் நூர் கட்சி இரண்டாம் இடத்துக்கு வந்தது, 2013-இல் இராணுவம் ஜனாதிபதி முர்ஸியைக் கவிழ்த்தபோது அதே கட்சி இராணுவத்தின் பக்கம் நின்றது. ஆயுதம் எடுப்பவர்கள் சிறு தொகையினர், ஆனால் உலகம் அவர்களைத்தான் அறியும். 1979 நவம்பரில் மக்காவின் புனிதப் பள்ளியை ஆயுதங்களோடு கைப்பற்றிய ஜுஹைமான் அல்உதைபியும், அவருடைய குழுவுக்கு எதிராகப் படை நுழைய ஃபத்வா அளித்த உலமாக்களும் ஏறத்தாழ ஒரே நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள். நூல் ஒன்றாக இருக்க, ஒருவர் கிளர்ச்சியையும் ஒருவர் கீழ்ப்படிதலையும் இன்னொருவர் வாக்குப்பெட்டியையும் அதில் கண்டார்கள் என்றால், படித்தவர்கள் தங்கள் காலத்தையும் பயத்தையும் ஆசையையும் உடன் கொண்டுபோய்த்தான் படித்திருக்கிறார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்பட, நாடெங்கும் 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குண்டுத் தாக்குதல்களை வழிநடத்திய காத்தான்குடி ஸஹ்ரானைத் தவ்ஹீத் அமைப்புகளுக்குள்ளேயே கண்டித்தவர்கள் இருந்தார்கள், அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முன்னரே முறையிட்ட முஸ்லிம்களும் இருந்தார்கள். இவை உண்மை. பிறகு அரசு தன் கோபத்தை விரித்துப் போட்டதும் உண்மை. 2021 ஏப்ரலில் 11 அமைப்புகளைத் தடைசெய்து, அமைதியாகப் பயான் செய்துவந்தவர்களையும் ஐ.எஸ்ஸோடு ஒரே பட்டியலில் எழுதியது. 2023-இல் சிலவற்றின் தடை நீங்கியது. குற்றம் செய்யாதவர்களைக் கொள்கைக்காகத் தண்டிப்பது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் நம்மைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. 2020-இல் கொவிட் தொற்றில் இறந்தோரின் உடல்களை, குடும்பங்கள் கதறக் கதற, அரசு எரித்தது. ஒரு மையித்தின் கண்ணியத்துக்காக நாம் அழுதோம், உலகமும் நமக்காகப் பேசியது. அதற்கு 14 ஆண்டுகள் முன்பு, 2006 டிசம்பரில், காத்தான்குடியில் பயில்வான் என்று அறியப்பட்ட ஸூஃபி குருவின் அடக்கம் செய்யப்பட்ட உடல் தோண்டி எடுக்கப்பட்டது. அவர் கொள்கை குஃப்ர், இந்த மண்ணில் அவருக்கு இடமில்லை என்றார்கள். அந்த எதிர்ப்பில் தவ்ஹீத்வாதிகள் மட்டும் இருக்கவில்லை, மரபு உலமாக்களும் நின்றார்கள். அன்று அந்த மையித்தின் கண்ணியத்துக்காக நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? வசைக்கும் வெடிகுண்டுக்கும் நெடுந்தூரம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றென்பவர்கள் நியாயமற்றவர்கள். இருந்தும், அயலான் வழிதவறியவன் மட்டுமல்ல, மண்ணுக்கும் தகாதவன் என்று ஒரு சமூகம் சொல்லப் பழகிவிட்டால், அத்தூரத்தில் முதல் சில அடிகளை அது யாருக்காகவோ நடந்து கொடுத்துவிடுகிறது.

தூய்மையின் பெயரால் மனம் இறுகுவது ஒரு மதத்தாரின் தனி நோயுமல்ல. 2018 ஏப்ரலில் திருகோணமலை நகரத்திலேயே அதைக் கண்டோம். ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. சேலைதான் இந்தப் பாடசாலையின் பண்பாடு என்றார்கள். அபாயா எங்கள் மார்க்கக் கடமை என்றது எதிர்க்குரல். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமையை ஏற்றுப் பரிந்துரைத்தது, 2022-இல் பிரச்சினை மீண்டும் வெடித்தது. என் தாயின் தலைமுறை முஸ்லிம் பெண்கள் சேலைத் தலைப்பையே முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு தொழுகைக்கும் சந்தைக்கும் போனவர்கள். இன்று நாம் காணும் சேலைக்கட்டும் ரவிக்கையும்கூடக் காலனித்துவ காலத்தில் வடிவெடுத்தவை. அபாயாவும் கிழக்கில் பெருகியது அண்மைக் காலத்தில். அந்த ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு மாதம் முன்புதான், கறுப்பு அபாயாவை மார்க்கம் குறிப்பிட்டு விதிக்கவில்லை என்று சவூதி முடிக்குரிய இளவரசர் தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். ரியாத் கைவிட்டாலும் கைவிடாவிட்டாலும் ஓர் ஆசிரியைக்குத் தன் உடையைத் தேரும் உரிமை உண்டு. அந்த உரிமையை அவளுடைய விருப்பத்தின்மேல் நிறுத்தாமல் முன்னோரின்மேல் நிறுத்தினால், முன்னோரின் சார்பில் பேசுகிறவர் மனம் மாறும் நாளில் அவளுக்குக் காலூன்ற இடமிருக்காது.

எந்தப் பனுவலும் தானே வாய் திறந்து பேசுவதில்லை; ஒரு காலத்தில், ஓர் ஊரில், ஏதோ ஒரு பசியோடோ அச்சத்தோடோ நிற்கும் மனிதன் அதை வாசிக்கும்போதுதான் அது பேசுகிறது; அந்த மனிதன் எவ்வளவு பக்தியோடு தன்னை அழித்துக்கொண்டு, இது நான் சொல்வதல்ல, முன்னோர் சொன்னது என்று கூறினாலும், எதை எடுத்து எதை விட்டான், எங்கே இரங்கினான், எங்கே இறுகினான் என்ற தெரிவுகள் எல்லாம் அவனுடையவையாகவே இருக்கின்றன, அவற்றுக்கான விசாரணையும் அவனுக்கே உரியதாகிறது. தக்லீதை உடைத்தபோது ஸலஃபிகள் நமக்கு மீட்டுத் தந்தது இந்தப் பொறுப்பைத்தான். வாசிப்பவன் நான் என்று ஒப்புக்கொண்ட இடங்களில் அது சீதனத்தை எதிர்த்தது, முத்தலாக்கின் கூரிய முனையை மழுக்கியது, பெண்ணைத் தொழுகைத் திடலுக்கு அழைத்தது. வாசிப்பவன் நான் அல்லேன் என்று மறைத்த இடங்களில், பழைய மத்ஹபுகள் தமக்குள் காத்துவந்த கருத்து வேறுபாட்டின் அடக்கம்கூட இல்லாத ஒரு புதிய தக்லீதாக அது மாறி, எந்த அரசும் எந்த இயக்கமும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருளாகியது. நவீன அரசியல் சமயத்துக்குள் நுழையும் வாசல் இதுவே என்று நான் கருதுகிறேன்: பேசும் மனிதன் தன்னை மறைத்துக்கொண்டால், அவன் சொல்லுக்கு மறுமொழி சொல்லவும் வழியில்லை, அவனைத் திருத்தவும் வழியில்லை.

இப்பொறுப்பு இப்போது நம் முன்னால் வந்து நிற்கிறது. 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை ஷரீஆ என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அதன் வேரைத் தோண்டினால், 1770-இல் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த தொகுப்பும், 1806-இல் ஆங்கிலேயர் வெளியிட்ட சட்டக்கோவையும் அகப்படும். அதன்படி பெண் காதியாராக முடியாது. காதியின் அனுமதியிருந்தால் 12 வயதுக்குக் குறைந்த சிறுமிக்கும் மணம் முடிக்கலாம். விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பம் தேவையில்லை, வலீ ஒப்பமிட்டால் போதும். நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் 2009-இல் அமைக்கப்பட்ட குழு 2018-இல் தன் அறிக்கையைக் கையளித்தபோது, திருத்தத்தின் அளவில் உடன்பாடு காணாமல் உறுப்பினர்கள் இரு பிரிவாகப் பிரிந்திருந்தார்கள். அவ்வறிக்கைக்குப் பின்னும் ஆண்டுகள் கழிந்துவிட்டன. மூதூரில் ஒரு பெண்ணுக்கு நிகாஹ் நடக்கையில் பதிவேடு அவள் வீட்டுக்கு வருகிறது, தகப்பனார் ஒப்பமிடுகிறார், மாப்பிள்ளை ஒப்பமிடுகிறார், அவள் உள்ளறையில் இருக்கிறாள். பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள் என்ற நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். எட்டா இருபதா என்று பள்ளிகள் பிளக்கும் அளவுக்கு மூலத்தைத் தேடிய நாம், அந்தப் பதிவேட்டை உள்ளறைக்கு எடுத்துச் செல்வது பற்றி இன்னும் ஒரு மனதாகப் பேசத் தொடங்கவில்லை.